மூன்றாம் ஆள்

பிப்ரவரி. சைலீசியாவில் ஒரு பள்ளத்தாக்கு நகரம்.
காலை ஒன்பதாகியும் தெருவிளக்கு எரிகிறது.
நகராட்சி என்னை ஒரு படிவத்தோடு அனுப்பியிருக்கிறது:
புகையால் நேர்ந்த இழப்பு, ஸ்லாட்டியில் எழுதுக.
வரிசை எண், பெயர், தொகை.
இருமலுக்குத் தனிப் பத்தி இல்லை.

முதல் கதவு கெனோவேஃபா பித்லிக்கின் சலவைக்கடை.
விடுதிகளின் வெள்ளை விரிப்புகள்
கொல்லைக் கொடியில் விறைத்து நிற்கின்றன,
ஓரமெல்லாம் கரி.
"ஒரு தடவை துவைக்கத்தான் கூலி தருகிறார்கள்.
இரண்டாம் தடவை காற்றுக்காகத் துவைக்கிறேன்.
அந்தப் பில்லை யாருக்கு அனுப்ப?"

எழுதிக்கொள்கிறேன்:
சோப்பு, தண்ணீர், மின்சாரம், இடுப்புவலி.
இடுப்புவலியை அடித்துவிடுகிறேன்.
பிறகு பென்சிலால் ஓரத்தில் மறுபடி எழுதுகிறேன்.

நிலக்கரிக் கிடங்கில் விலைப்பலகை தொங்குகிறது,
டன்னுக்கு இவ்வளவு என்று.
நேர்மையான வியாபாரம்தான்.
விற்றவர் எடையில் கைவைக்கவில்லை,
வாங்கியவர் கடன் சொல்லவில்லை,
கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.
அந்தக் கைகுலுக்கலுக்கு யாரும் அழைக்காத மூன்றாம் ஆள்
நான்கு தெரு தள்ளி
தொட்டிலில் கிடந்து மூச்சுக்குத் திணறுகிறாள்.
வயது ஏழு மாதம்.
லாபம் ஓரிடம், இளைப்பு ஓரிடம்.

படிவத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும்.
ஆலை என்றால் சுலபம்.
ஆலையை மூடி இருபது வருடமாகிறது,
அதன் நெடிய புகைபோக்கியில்
கோடைதோறும் நாரை குடித்தனம் நடத்துகிறது.
மிச்சமிருப்பவை இரண்டாயிரத்து நாற்பது சின்னப் புகைபோக்கிகள்.
என் ஒருத்தனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று
ஒவ்வொன்றும் தனித்தனியாக,
அடக்கமாகப் புகைகிறது.

கெனோவேஃபாவின் கூரையைப் பார்க்கிறேன்.
அங்கும் ஒன்று.
வெந்நீருக்கு. இரண்டாம் துவைப்பின் வெந்நீருக்கும்.
நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.
"எழுதுங்கள்," என்றாள்,
"என் பெயரை இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள்."

தெருமுனையில் தோபியாஷ் கெம்பாவின் தேனீப்பெட்டிகள்
பனிக்குள் உறங்குகின்றன.
மே மாதம் அவை வேலி தாண்டி
ஊர் ஆப்பிளையெல்லாம் காய்க்க வைக்கும்.
தோட்டக்காரர்கள் காசு கொடுத்ததில்லை,
இவரும் கேட்டதில்லை.
"நன்மை செய்ததற்கும் படிவம் உண்டா?"
இல்லை. இழப்புக்கு மட்டும்தான் அச்சடித்திருக்கிறார்கள்.
போன வருடம் பன்னிரண்டு பெட்டி,
இப்போது ஐந்து.
தேனை மட்டும் விற்றுக் கட்டுப்படியாகவில்லையாம்.

மாலை நகராட்சிக் கூடத்தில் கூச்சல்.
புகையின் விலையைக் கரியின் தலையில் ஏற்று,
டன்னுக்கு வரி போடு என்றார் பொருளாளர்.
எவ்வளவு, என்றது கடைசி வரிசை.
எல்லோரும் என் படிவத்தைப் பார்த்தார்கள்.
நான் பென்சில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.
"சரிவில் பங்களா வைத்திருப்பவர் வரியைக் கட்டிவிட்டு எரிப்பார்,
விறைக்கப்போவது நாங்கள்," என்று எழுந்தாள்
பேருந்து ஓட்டும் யோலந்தா.
மேலே பேசியபடியே
சால்வையை இறுக்கிக்கொண்டாள்.

பத்துக்குப் பதினொன்று.
வரி உண்டு. வசூலாகும் ஒவ்வொரு காசும்
அடுப்பு மாற்ற மானியம், ஏழை வீட்டிலிருந்து தொடங்கி.
இரண்டு குளிர்காலம் அவகாசம்.
தேனீயைப் பற்றிப் பேச நேரம் இல்லை.
தோபியாஷ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வீடு திரும்பி அடுப்பின் முன் குந்தினேன்.
என் புகைபோக்கி ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழாவது,
நானே எண்ணியது.
வழக்கமாக ஐந்து அள்ளு போடுவேன்.
இன்று நான்கோடு நிறுத்தினேன்.
சட்டம் இன்னும் வரவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.
ஊரின் காற்றில் அதனால் ஒரு மாற்றமும் இருக்காது,
கணக்குத் தெரிந்தவன் நான்.

விடியற்காலை கம்பளிக்கு வெளியே நீண்டிருந்த
கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன.
தொகை என்ற கட்டத்தில்
முதன்முறையாக ஏதோ எழுதலாம் போலிருந்தது.