நூறாம் இலக்க பஸ்ஸின் கண்ணுக்கு

செவ்வாய், வியாழன். பின்னேரம் ஆறரை.
பம்பலப்பிட்டியில் ஒரு மூன்றாம் மாடி.
எட்டுப் பேரில் நான்தான் மூத்தவள்;
படிப்பிக்கும் இமேஷாவோ
என்னைவிடப் பதினாறு வயது குறைந்தவள்.

முதல் நாள் கொப்பி திறக்க விடவில்லை.
எழும்பி அறைக்குள் நடவுங்கள் என்றாள்.
ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.
மறுபடி நடவுங்கள்.
எட்டுப் பேரின் கால்களும்
யாரும் சொல்லாமலே வளைந்து போயின.
"இதுதான் பாடம்."
சிங்களத்தில் ஒரு தரம்,
எனக்காக உடைந்த தமிழில் இன்னொரு தரம்.

வீட்டுவேலை: ஒரு மண்டபம்.
சாமத்திய வீடு, இருநூற்றைம்பது பேர்,
நட்டநடுவில் தூண்.
எத்தனை மாலை மாற்றலை நான்
தூணுக்குப் பின்னாலிருந்து
முன்கதிரைக்காரரின் கைபேசிக்குள் பார்த்திருப்பேன்!
ஆகவே முதலில் தூணை வரைந்தேன்.
அதன் நிழல் விழும் இடமெல்லாம் அழித்தேன்.
கதிரைக்கும் கதிரைக்கும் இடையில்
சாப்பாட்டுத் தட்டோடு ஒருவர் திரும்பும் அகலம்.
தூணின் முதுகில் ஐஸ்கிறீம் மேசை.
அதை எங்கு ஒளித்தாலும்
பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள்.

பகலில் நான் கணக்கெழுதுகிறவள்.
வெள்ளவத்தை, காலி வீதி, சீலைக்கடை.
கண்ணாடிக்குள் முப்பத்தொரு சீலை,
நாலு பொம்மை (ஒன்றுக்குச் சுண்டுவிரல் இல்லை),
பள்ளிக்கூடப் பைகள்,
போன நத்தாருக்குக் கட்டி
இன்னும் அவிழ்க்காத நட்சத்திரம்.

"உங்கள் கண்ணாடியை யார் பார்க்கிறார்கள்?"
நடந்து போகிறவர்கள் என்றேன்.
"எண்ணிப் பார்த்தீர்களா?"

ஞாயிற்றுக்கிழமை
தெஹிவளையில் நூறாம் இலக்கத்தில் ஏறினேன்.
ஆறு தரம். மூன்று தரம் இருந்து,
மூன்று தரம் கம்பியைப் பிடித்து நின்று.
நின்றால் பொம்மைகளின் முழங்கால்தான் தெரிகிறது.
இருந்தால், நடைபாதைத் தலைகளுக்கு மேலே
ஒரு கை அகலத்துக்குக் கடை.
சிக்னல் சிவப்பென்றால் பதினெட்டு செக்கன்.
பச்சையென்றால் மூன்று.

மூன்று செக்கனுக்கு முப்பத்தொரு சீலை.
வகுத்துப் பார்க்கப் பயமாயிருந்தது.

திங்கள் இரவு ஷட்டர் இழுத்த பிறகு
றொஷாந்தன் ஏணி பிடிக்க
முப்பதைக் கழற்றினேன்.
மிஞ்சியது கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று;
கரை, பஸ்ஸில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு.
விரலில்லாத பொம்மையையே நிறுத்தினேன்,
கையை முதுகுப்பக்கம் திருப்பி.
வலப்புறம் நாலு அடி
ஒன்றும் வைக்காமல்
வெளிச்சத்தை மட்டும் விட்டேன்.

"என்ன, கடையை மூடப்போறமா?"
ஹசீப் முதலாளி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
"சதுர அடிக்கு என்ன வாடகை தெரியுமா?
நீதானே மாதா மாதம் எழுதுறாய்."

தெரியும். எழுதியிருக்கிறேன்.

உள்ளே போய் ஒரு நீலக் குடையோடு வந்தார்.
அந்த நாலு அடியின் நடுவில் சாய்த்து வைத்தார்.
"சும்மா கிடக்கிற இடம்."

புதன் காலை எடுத்தேன். பத்து மணிக்கு வந்துவிட்டது.
வியாழனும் எடுத்தேன். அதே பத்து மணி.
இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
வெள்ளி காலை எனக்கு அலுத்துவிட்டது.

அன்று மூன்று மணிக்கு மழை
கடல் பக்கமிருந்து குறுக்காக அடித்தது.
சிக்னல் சிவப்பு.
பஸ்ஸிலிருந்து ஒரு பெண்
தலைக்கு மேல் ஃபைலைப் பிடித்தபடி குதித்து
நேராக எங்கள் கதவுக்கு வந்தாள்.
சீலையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"அந்தக் குடை."
"உள்ளே வேறு நிறமும்..." என்றான் றொஷாந்தன்.
"இல்லை, அதுதான்."

"பார்த்தியா?" என்றார் முதலாளி,
காசை எண்ணாமலே லாச்சிக்குள் போட்டு.
"உன்ர வெறும் இடம் விக்காது. குடைதான் விக்கும்."

ஓம் என்றேன்.
பில்லின் அடிக்கட்டையைக் கிழித்துக் குத்தினேன்.

வாசல் தகர டிரம்மில் அதே நீலத்தில்
இன்னும் இருபத்திரண்டு நிற்கின்றன, வைகாசியிலிருந்து.
ஒன்றும் போகவில்லை.
ஸ்டொக் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.