சித்ராவிடம்

சித்ரா இங்கே ஒரு தீவு.
அதற்குப் போகிற பாலத்துக்கும் அதே பெயர்.
மத்தியானமெல்லாம் எங்கே இருப்பீங்க என்று கேட்டவளிடம்
"சித்ராகிட்ட" என்று சொல்லிவிட்டேன்.
மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட்.
பன்னிரண்டிலிருந்து நாலு வரை
வெயிலில் ஆள் நிற்கக் கூடாது, அரசாங்க உத்தரவு.
தில் பகதூர் நிழல் தேடித் தேடி
வேனைப் பாலத்தடியில் நிறுத்துகிறான்.
மீனும் அதையேதான் செய்திருக்கிறது.

ரஃபீக்குல் தண்ணி பாட்டிலில் சுற்றிய தங்கூசியை அவிழ்க்கிறான்.
முள்ளில் இறால் தலை.
"நீ மெட்ராஸி, கடல்காரன்,
சொல்லு, எங்கே போடட்டும்?"
எனக்கு ஊர் பெரம்பலூர்.
தண்ணீரை லாரியில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சூடு தெரியும்.
பதினோரு வருஷமாக
ஒருத்தர் அறையிலிருந்து சூட்டை எடுத்து
தெருவில் போகிறவன் தலையில் கொட்டுகிற வேலை.

பெட்டியைத் திறந்து
வெப்பமானியின் ஒயர் முனையை
ஈயக்குண்டோடு கட்டி இறக்கினேன்.
மேல்தண்ணீர் முப்பத்தாறு.
ஒரு பாகம் கீழே முப்பத்தைந்து.
மூன்றாவது தூணை ஒட்டி,
நிழலும் நீரோட்டமும் திரும்புகிற இடத்தில்
முப்பத்திரண்டரை.
"இங்கே" என்றேன்,
எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மாதிரி.

அரைமணி நேரம் நண்டுதான் தின்றது.
அப்புறம் ஒரு சுண்டு.
தங்கூசி ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டு ஓடி
நின்று
தூணைச் சுற்றப் பார்த்து
வந்துவிட்டது.

ஷேரி. நம் பக்கம் விளமீன் என்பார்களாம்.
என் உள்ளங்கைக்கு ஒரு விரல் கூட.
வாயைத் திறந்து திறந்து மூடியது,
கேஸ் இல்லாமல் ஓடுகிற கம்ப்ரசர்.
"குழந்தை. விட்டுடு" என்றான் ரஃபீக்குல்.

விட்டேன்.
அது போகவில்லை.
மேலேயே கிடந்தது, ஒருபக்கம் சாய்ந்து,
வெள்ளை வயிறு பாலத்தைப் பார்க்க.
கொதித்த தண்ணீரில் காற்று நிற்காது
என்பது எனக்குத் தெரிந்ததுதான்.
பிடித்தபிறகு ஞாபகம் வந்தது.

பாறையில் குப்புறப் படுத்து
தோள்வரை கையை விட்டு
முகத்தை ஓட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்தேன்.
செவுள் ஒருமுறை அசைந்தது.
வெகுநேரம் கழித்து இன்னொருமுறை.

போன் அடித்தது.
ரஃபீக்குல் எடுத்து என் காதில் வைத்தான்.
ரிஃபா வில்லா, மேல்மாடி, பெரிய படுக்கையறை
கூல் ஆகவில்லை.
"வருகிறேன் மேடம்,
நாலு மணிக்கு மேடம்"
என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே
விரலுக்குள் ஏதோ உதைத்தது,
கை காலி.
போனதா, மூழ்கியதா,
பச்சைத் தண்ணீரில் தெரியவில்லை.
ரஃபீக்குலைக் கேட்டேன்.
அவன் அடுத்த இறாலைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

நாலரைக்கு அந்த அறையில்
காற்று வரும் வாயில் ஒயர் முனையை வைத்தேன்.
இருபத்திரண்டு.
பதினாறு வேண்டும் என்றார் மேடம்.
பிறகு மூக்கைச் சுளித்து
ஜன்னலைப் பார்த்தார்.
கவுச்சி எங்கிருந்து வருகிறதென்று
நான் சொல்லவில்லை.