ஜூன் 31

துவாஸ் தெற்கு, காலை எட்டரை.
எடைமேடை லாரியை நிறுக்கிறது.
காவலாளி என்னை நிறுத்துகிறார்.
வருகையாளர் ஏட்டில் இடம் போதாமல்
கோமளவல்லி, கோமளாவோடு முடிகிறாள்.

நாளை வருகிறோம் என்று
நேற்றே மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம்.
அதனால் தரை கழுவியிருந்தது.
அதனால் மஞ்சள் கோடுகள் புதிதாக இருந்தன.
அதனால் மேலாளர் திரு. குவேக்
இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார்.
நாற்றத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்.
அது வழக்கம்போல் வேலைக்கு வந்திருந்தது.

கொட்டும் தளத்தில்
ஒரு பேட்டையின் நேற்றைய இரவு சரிகிறது:
டுரியான் ஓடு, டயப்பர், நுரைப்பெட்டியில் பாதி மீ கோரெங்,
கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி,
யாரோ எழுதித் தீர்த்த பத்தாண்டு வினாத்தாள்கள்.
என் சரிபார்ப்புப் பட்டியலில்
இவற்றுக்குக் கட்டமில்லை.
கடந்து போகிறேன்.

நச்சுக் கொட்டகை பின்னால்.
பீப்பாய்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு அணைச்சுவர்.
கசிந்தால் உள்ளேயே நிற்க வேண்டும்.
வடிகால் அடைப்பான் பூட்டியிருக்கிறதா?
பூட்டியிருக்கிறது.
சாவி யாரிடம்?
எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள்.
எழுதிக்கொள்கிறேன்.

கண் கழுவும் குழாயை மிதித்தேன்.
முதலில் இருமியது.
பிறகு தே தாரிக் நிறத்தில் ஊற்றியது.
முப்பது விநாடி எண்ணினேன்.
தெளியவில்லை.
குவேக்கின் சட்டை முதுகில் ஒட்டத் தொடங்கியது.

பதிவேடு.
தினமும் கசிவுச் சோதனை, தினமும் கையொப்பம்.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் வாழ்ந்து முடித்த ஒரு மாதம்.
ஜூன் 28, சரி. 29, சரி. 30, சரி.
ஜூன் 31,
சரி.

"கையெழுத்து யாருடையது?"

ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து இறங்கி வந்தார் மாயழகு.
கையுறையைக் கழற்றி, ஏனோ மறுபடி மாட்டிக்கொண்டு
என் விரல் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.
மெதுவாக, தமிழில், எனக்கு மட்டும்:
"அந்த நாளுக்குச் சம்பளம் வரலையே மேடம்."

தனியாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.
"என்ன சொல்கிறார்?" என்றார்
உடன் வந்த ஹஃபீஸ்.
வாயெடுத்தேன்.
மாதக் கடைசியில் மொத்தமாகப் போடச் சொன்னது யார் என்று
அவர் சொல்லவில்லை.
சொல்லாததும் காதில் விழுந்துவிட்டிருந்தது.

அபராதம் நிறுவனத்துக்கு.
நிறுவனம் அதை யார் பையிலிருந்து எடுக்கும் என்பது
என் அதிகாரத்துக்கு வெளியே,
மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்.
ஆகவே எழுதினேன்:
இந்தப் பதிவேட்டுக்கு நிர்வாகமே பொறுப்பு.
அறிக்கை ஆங்கிலத்தில்.
ஏகாரம் மட்டும் வெளியே நின்றுவிட்டது.

கிளம்பும்போதுதான் கண்ணில் பட்டது:
கொட்டகை ஓரம், கோட்டைத் தாண்டி,
மூடியில்லாமல், விவரச்சீட்டு இல்லாமல்
ஒரு பெயின்ட் டின்.
மஞ்சள்.
தூரிகை இன்னும் காயவில்லை.
அதையும் எழுதினேன்.
அபாயக் கழிவு, எண்ணிக்கை ஒன்று.
குவேக் முதல்முறையாக
உண்மையிலேயே சிரித்தார்.

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.
பன்னிரண்டாம் மாடி வாசலில் குனிந்தால்
காலணி அடியில் பிசுபிசுப்பாக
அந்தக் கோடு என்னோடு வந்திருக்கிறது.

உள்ளே, சாப்பாட்டு மேசையில்
ஒரு வாரமாக வயிறு ஊதிக் கிடந்த பவர்பேங்கைக் காணோம்.
"அப்பவே போட்டாச்சும்மா,"
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொல்கிறான் மகன்.
சமையலறையில் குப்பைக்குழாயின் கதவு
சரியாக மூடாமல் இருக்கிறது.

எங்கே என்று கேட்க வேண்டும்.

முதலில்
காலணியைக் கழற்றுகிறேன்.