கடி

ஏழாம் மாதம். கச்சான் காற்றுத் தொடங்கின கிழமை.
கிணற்றடியில் காயப்போட்ட பாவாடை
அரை மணியில் அப்பளமாகும்.
என்னில்தான் ஒன்றும் காய்வதில்லை.

திரைந்த தயிர் போல உள்ளாடையில் ஒன்று.
அதைவிட அந்தக் கடி.
முத்திரை கிழிக்கும்போது கடிக்கும்,
மணியோடர் எண்ணும்போது கடிக்கும்.
தபால் கந்தோரில் கவுண்டர் நல்லது:
இடுப்புக்கு மேலேதான் நான் அரச உத்தியோகத்தர்.
கீழே, தொடையை நெரித்துக்கொண்டு
பெயரில்லாத ஒரு பிராணி.

மத்தியானம் பஸ் நிலையப் பக்கம்
புள்ளிமான் ஒன்று
விளம்பரக் கம்பத்தில் பின்புறத்தைச் சாய்த்து
தேய் தேயென்று தேய்த்தது.
கண்ணை வேறு மூடிக்கொண்டது.
சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொறாமை இன்னதென்று
அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

பக்கத்து வளவு வசந்தமலர் அக்கா
சூடு என்றா, இளநீர் குடி என்றா.
வேலையிடத்தில் ஒருத்தி டெட்டோல் என்றாள்.
கலந்து கழுவினேன்.
அந்த இரவைப் பற்றி எழுதமாட்டேன்.

ரூபனுக்குச் சொல்லவில்லை.
பேக்கரியில் இரவு வேலை அவனுக்கு.
விடிய வருவான், புருவமெல்லாம் மா,
கையில் ஆறாத ஒரு றாத்தல் பாண்.
கட்டிலில் என் பக்கம் சாயப் பார்ப்பான்.
"முதுகு நோகுது" என்பேன்.
மூன்று கிழமையாக
என் முதுகுதான் நோகிறது.

கிளினிக்கில் டொக்டர் மதுஷானி
தமிழைப் புத்தகத்தில் படித்தவ.
"என்ன பிரச்சினை உள்ளது?"
"கடிக்குது, மிஸ்."
"எது கடித்தது? நாயா?"

வாங்கில் இருந்த பதினாறு வயிறும் குலுங்கின.
நானும் சிரித்தேன்.
சிரிக்கச் சிரிக்க இன்னும் கடித்தது.

மருத்துவிச்சி பௌசியா மிஸ் திரையை இழுத்துவிட்டு
டொக்டரின் காதுக்குள்
ஒரு சிங்களச் சொல்லைப் போட்டா.
"ஆ" என்றா டொக்டர்,
இரண்டு பாஷைக்கும் பொதுவான ஆ.

பார்த்தார்கள்.
ஈஸ்ட் என்றார்கள்.

ஈஸ்ட்?
எனக்கு ரூபனின் தொட்டி தெரிந்தது:
ஈரத்துணி மூடி, இருட்டில்,
ஒருவருக்கும் சொல்லாமல்
பொங்கிக்கொண்டிருக்கும் மா.
"அவர்ட பேக்கரியில இருந்து வந்ததோ, மிஸ்?"

"விசரே உனக்கு? அது வேற, இது வேற.
இது எல்லாரிலயும் கொஞ்சம் இருக்கும்,
பிள்ளை தங்கினா கூடப் பெருகும்.
உன்ர ஊத்தையில்ல இது."

ஊத்தையில்ல.
நான் கேட்கவே இல்லை அதை.
எப்படித் தெரிந்தது அவவுக்கு?

சீனியும் பார்த்தார்கள். சீனி இல்லை.
ஆறு இரவுக்கு ஆறு குளிசை, விழுங்குவதற்கல்ல.
"குழாய் வேணாம், விரலாலயே மெதுவா வை.
வாயால போடுற குளிசை எதையும்
நீயா வாங்கிப் போடாத.
கீழ சவுக்காரம் வேணாம்.
டெட்டோலை வீடு கூட்டுறதுக்கு வை."
துண்டை கர்ப்பிணி அட்டைக்குள் செருகி
திரிபோஷா பைக்கற்றோடு வந்தேன்.

இரண்டாம் இரவு குளிசை வழுக்கி
கட்டிலுக்குக் கீழே உருண்டது.
இந்த வயிற்றோடு எங்கே குனிவது?
அன்று போயா, பேக்கரி பூட்டு.
அவன்தான் தவழ்ந்துபோய் எடுத்தான்.
"இதென்ன?"

சொன்னேன். நாய்க்கதையும் சேர்த்து.
சிரிக்கவில்லை அவன்.
"அப்ப முதுகு?" என்றான், கனநேரம் கழித்து.

தூசியான குளிசையை எறிந்துவிட்டு
அடுத்ததை உறையோடு எடுத்து வந்தான்.
மா பிசையப் போகிறவன் போல
முழங்கைவரை கை கழுவினான்.
"நான் வைக்கட்டோ?"
"போடா."
டோர்ச்சை மட்டும் பிடித்தான்,
முகத்தைத் திருப்பி, சுவர்ப் பல்லியைப் பார்த்தபடி.
வெளிச்சம் முழுக்கப் பல்லியில்தான் விழுந்தது.

ஒரு குளிசை குறைந்ததற்கு
மறுநாள் பாமசியில் துண்டை நீட்டி
வாய் திறக்காமலே வாங்கி வந்தான்.

ஐந்தாம் நாள் விடியப் பாண் வந்தது.
பிய்த்தேன், ஆவி போனது.
உள்ளே இருப்பது உதைத்தது.
காத்திருந்து பார்த்தேன்.
உதை மட்டும்தான்.