கை எண்ணுகிறவன்

வெல்லாவெளிக் கட்டிடத்தில் மின்விசிறி நின்றுபோயிருக்க
சிறுபோகக் கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது.
குளத்தில் ஒன்பதடித் தண்ணீர்.
விடியவே இறங்கி அளவுகோல் பார்த்தவன் நான்,
முழங்காலில் சேறு இன்னும் காயவில்லை.

ஒன்பதடிக்கு ஒரு வட்டைதான் விளையும்.
மேல் வட்டையா, கீழ் வட்டையா?

பொறியியலாளர் என்னைப் பார்த்தார்.
எழும்பிச் சொன்னேன்:
மேல் வாய்க்கால் மூன்றாம் கட்டையில் வெடித்துக் கிடக்கிறது,
விடுகிற தண்ணீரில் பாதி காட்டுக்குத்தான் போகும்,
கீழ் வட்டைக்கு விடுவதே புத்தி.

சொன்னது உண்மை.
யாரும் போய்ப் பார்க்கலாம்,
வெடிப்புக்குள் நண்டு குடியிருக்கிறது.

சொல்லாததும் உண்மை:
கீழ் வட்டையில் மூன்று ஏக்கர்
யோகமலரின் சீதனம்.
வருடாவருடம் கந்தோரில் நிரப்பும் படிவத்தில்
‘உமது பெயரில் காணி உண்டா’ என்ற இடத்தில்
இல்லை என்று எழுதுவேன்.
எங்கள் பக்கம் காணி பெண்ணுக்குத்தானே.
அந்தப் படிவத்தை ஆக்கியவர் எந்த ஊரோ.

கீழ் வட்டைக்கு ஆதரவானோர் கை உயர்த்துக என்றார்கள்.
முன்வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினேன்,
பேனாவால் காற்றைக் குத்திக் குத்தி.
பதினேழு, பதினெட்டு…
“ஐயா,” மேல் வட்டைத் தங்கநேசம் எழும்பினாள்,
“நீங்க கை எண்ணுறீங்களா, கை தூக்குறீங்களா?”

பேனா பிடித்த கை
தலைக்கு மேலே அப்படியே நின்றது.

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
“மறுகா ஒண்டு கேக்கன், கோவிக்கப்படாது.
உங்கட வீட்டு வயல் எந்த வட்டையில கிடக்கு?”

சொன்னேன். மூன்று ஏக்கர் என்றேன்.
வெடிப்பு மெய்தான் என்றும் சொன்னேன்,
அதற்குள் அது பொய்யாகிவிட்டிருந்தது.
உண்மைக்கும் என் வயலுக்கும் ஒரே வாய்க்கால்.
முதலே நான் வரம்பு கட்டியிருக்க வேண்டும்.

வெளியே இருக்கச் சொன்னார்கள்.
வாகை மரத்தடியில் சைக்கிள்களோடு நின்றேன்.
உள்ளே லிகிதர் ஆதம்லெப்பை எண்ணும் சத்தம்
யன்னலால் வந்தது. அவருக்கு வயலே இல்லை,
குளத்தையும் அவர் பார்த்ததில்லை.

மேல் வட்டைக்கே தண்ணீர் என்று முடிந்தது.

சித்திரையில் துருசு திறந்தார்கள்.
மூன்றாம் கட்டையில் தண்ணீர் காட்டுக்குள் இறங்கியது,
நான் சொன்னபடியே, ஒரு துளி பிசகாமல்.
சரியாய்ச் சொன்னதில் இத்தனை வெட்கம் இருக்குமென்று
எனக்குத் தெரியாது.

தங்கநேசம் இடுப்பளவு தண்ணீரில் நின்று
மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
சப்பாத்தைக் கழற்றி,
ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றி இறங்கினேன்.

“வையுங்க” என்றாள்.
எங்கே என்று சொல்லவில்லை.