கேட்பவர்: 2

ஃபஹாஹீல், ஐந்தாவது மாடி.
இரண்டு தினார் அட்டையைச் சுரண்டி
எண்ணைத் தட்டினால்
மோடம் முதலில் கனைக்கும், பிறகு கரகரக்கும்,
பிறகுதான் உலகம்.
ஒரு நள்ளிரவில் ஐஸ்லாந்தின் வானிலை அறிக்கை கேட்டோம்,
ஒன்றும் புரியாமல், இரண்டு முறை.

ரசலையன் பகலில் கிரேன் ஓட்டுகிறவன்.
எங்கோ வாசித்த நாலு வரியை நம்பி
அறையிலிருந்தே வானொலி விடலாம் என்றான்.
மைக், சூக்கில் ஒண்ணேகால் தினார்.
நிலைய இயக்குநர் அவன்.
தொழில்நுட்பம் நான்,
கம்ப்யூட்டர் என்னுடையது என்பதால்.

மூன்றாம் நாள் திரையில் வந்தது
கேட்பவர்: 1.
கத்தினோம். பெஷாவர்க்காரர் சுவரைத் தட்டினார்.
அந்த ஒன்று நாங்களேதான்,
சரிபார்க்கத் திறந்துவைத்த இன்னொரு ஜன்னல்.

இருந்தாலும் பேசினான்.
நாற்பத்தெட்டு டிகிரி வெயில்,
கிரேன் உச்சியிலிருந்து தெரியும் எண்ணெய்க் கப்பல்கள்,
மீன்குழம்பில் மாங்காய் எப்போது போடுவது.
அரை நிமிடம் பிந்தி
அவன் குரல் அவனிடமே வந்தது,
வேறு யாரோ போல.
"நல்லாத்தான் பேசுறான், இல்ல?" என்றான்.

வியாழன், இரவு ஒன்றரை.
இரண்டு.

எந்த ஊரோ, தமிழ் தெரியுமோ,
தவறி அழுத்திய விரலோ.
ரசலையனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
மைக்கை ஏசி பக்கம் திருப்பிவைத்தான்.
எங்கள் ஏசியின் உறுமலை
இருபது நிமிடமாக
யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்,
போகவில்லை.

அட்டையில் மீதி பதினோரு நிமிடம்.
பக்காலா சாத்துகிற நேரம்.
சட்டையை உள்புறம் வெளியே மாட்டிக்கொண்டு
ஐந்து மாடியும் இறங்கி ஓடினேன்.