ஒரு மீட்டர் பத்து

வெளியே அளந்தால் பதினாலு நாற்பது.
உள்ளே அறை அறையாய்க் கூட்டி
சுவர்களின் தடிமனையும் சேர்த்தால்
பதின்மூன்று முப்பது.
மூன்று முறை கூட்டியாயிற்று.
ஒரு மீட்டர் பத்து
எங்கோ போய்விட்டது.

முஹாரக்கில், கார் நுழையாத சந்து.
ஆகஸ்ட் புழுக்கத்தில்
லேசர் மீட்டரின் கண் வியர்க்கிறது.
நாடாவின் மறுமுனையில் குல் ஜமான் சிரிக்கிறார்:
"மேடம், இந்த வீடு
கணக்குக்கு முன்னால் பிறந்தது."

முத்து வியாபாரி கட்டினாராம்.
பிறகு பேரீச்சம்பழக் கிடங்கு.
பிறகு இருபத்திரண்டு கட்டில்.
பிறகு புறாக்கள்.
இப்போது என் மடிக்கணினியில் ஒரு கோப்பு:
தற்போதைய நிலை, திருத்தம் மூன்று.

மென்பொருளுக்குச் செங்கோணம் தவிர
எதுவும் பிடிக்காது.
இவையோ பவளக்கற்கள்,
கடலுக்குள் பழகிய வளைவை
இன்னும் விடவில்லை.
ஒரு மூலைக்கு எண்பத்தெட்டரை டிகிரி போட்டேன்.
தொண்ணூறாக்கட்டுமா என்றது திரை.
வேண்டாம் என்றேன்.
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
இவ்வளவு தெளிவாய்
யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்.
இத்தாலியக் கட்டடக் கலைஞருக்கு நூலகம் வேண்டும்.
பணம் போடுகிறவருக்கு ஒன்பது அறை விடுதி.
வீட்டுக்கு வாரிசான நூராவுக்கு
முற்றத்தில் ஒரு காபிக் கடை போதும்,
அதுவும் வெள்ளிக்கிழமை திறக்கக் கூடாது.
நகராட்சிக்காரர் கழிவறைகளை மட்டும் எண்ணினார்.
ஆளாளுக்கு ஒரு வண்ணப் பேனா.
ஒரே அறை
பச்சையில் புத்தகம், சிவப்பில் படுக்கை,
ஊதாவில் மின்மீட்டர் பெட்டி.

"ஒரு மீட்டர் பத்து காணோம்" என்றேன்.
"வரைந்தவர் தவறாக இருக்கும்" என்றார் பணம் போடுகிறவர்.
வரைந்தவள் எதிரே உட்கார்ந்திருப்பது
அவருக்குத் தெரியாது.

வியாழன் காலை துளையிட்டோம்.
பூச்சுக்குப் பின்னால் பவளக்கல் இல்லை,
சிமென்ட் ஹாலோ பிளாக்.
கலவை காயுமுன் யாரோ அழுத்திய
நாலு விரல்.
மூன்றாவது கல்லை எடுத்ததும் அரிசிச் சாக்கு.
அதன் பின்னால் இன்னொன்று.
திணித்து, மிதித்து, மறுபடி திணித்து
அடைத்திருந்தார்கள்.
ஏழாவது சாக்கை குல் ஜமான் உருவியபோது
புறா எச்சத்தின் வாடையோடு
என் ஹெல்மெட் பட்டையை ஆட்டிக்கொண்டு வந்தது
காற்று.

"பாத்கீர்" என்றாள் நூரா, மெதுவாய்.
காற்றுக்கோபுரம்.
மொட்டைமாடியில் அதன் தலையை
நான்தான் அளந்து
'பழைய புறாக்கூண்டு, இடிக்கலாம்'
என்று எழுதியிருந்தேன்.

அடைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
இருபத்திரண்டு பேர், ஒரே ஒரு ஜன்னல் ஏசி,
தவணையில் வாங்கியதாய் இருக்கும்.
அந்தக் குளிரில் ஒரு கைப்பிடியையும்
வானத்துக்கு விட மனசு வருமா?
நானாயிருந்தால்
எட்டாவது சாக்கும் தேடியிருப்பேன்.

ஏசி பொறியாளர் பிஜுவுக்கு ஏக மகிழ்ச்சி.
மேலிருந்து கீழே தயாராய் ஒரு வழி,
குழாய்களெல்லாம் இதிலே போய்விடும்,
ஒன்பது அறையும் தப்பித்தது என்றார்.
தப்பில்லை.
குளிர் வந்த பாதையில்தானே குளிர் வரும்.
ஆனாலும் ஒரு வாரம் கேட்டேன்.
காரணம் கேட்டார்கள்.
அட்டவணை முடியவில்லை என்றேன்.

அது உண்மைதான்.
அறை எண் பதினேழு.
தரை: மணல்.
கூரை: இல்லை.
தற்போதைய பயன்பாடு:
இந்தக் கட்டத்தில் இரண்டு நாள்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை பகல் ஒரு மணி.
நாலு வரை வெயிலில் வேலை கூடாது.
நிழல் தேடி உள்ளே போனேன்.
உடைத்த துளைக்கு நேராய்த் தலைவைத்து
குல் ஜமானும் இன்னும் மூன்று பேரும்
வாய் திறந்து தூங்குகிறார்கள்.
ஒருவன் நெற்றியில் முடி
லேசாய் எழுந்து, படிந்து, எழுகிறது.

காரில் உட்கார்ந்து தட்டினேன்:
உபயோகத்தில் உள்ளது.
திருத்தம் நான்கு
அனுப்பிவிட்டேன்.
பதில் இன்னும் வரவில்லை.

உள்ளே கூட்டிப் பார்த்தேன்.
பதினாலு நாற்பது.